பேர்லினும் சொல்லாமல் விட்ட சொல்லும்

உலக வரலாறு பயிலும் மாணவர் ஒருவரை நோக்கி, பேர்லின் நகரைக் குறித்து அமெரிக்க ஜனாதிபதிகள் கூறியன யாவை என்று வினவினால், இரண்டு விடைகள் உடன் வரும். ஒன்று, 1963 ஆம் ஆண்டு யூன் 26 ஆந் திகதி மேற்குப் பேர்லினின் ஷோனபேர்க் நகர மண்டபத்தின் முன்னே ஜோன் கென்னடி தம்மையும் ஒரு பேர்லின்வாசி என உரைத்த ஜேர்மன் வாக்கியம். மற்றையது, 1987 யூன் 12 இல் பிரண்டன்பேர்க் வாயிலின் எதிரே நின்று, மதிலை இடித்துவிடுமாறு கொர்பச்சேவை நோக்கி ரொனால்ட் றீகன் விடுத்த அறைகூவல். இரண்டும் செவிக்கினியவை, மேடையேறும் இளைஞர் மனப்பாடஞ் செய்யத் தக்கவை. ஆயினும் அந்நகரின் தலைவிதியை இவ்விரண்டு வாக்கியங்களும் தீர்மானித்தன என்று கொள்ளல் தவறாகும். நாற்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பேர்லினைப் போரினின்றும் காத்தவை, தலைவர்கள் முழங்கிய சொற்களல்ல; எண்ணித் துணிந்து சொல்லாமல் விட்ட சொற்களே என்பது எமது துணிபு. அவ்வாறு விட்டதற்கு ஒரு விலையும் இருந்தது. அவ்விலையைக் கொடுத்தவர்கள் மேசையிலிருந்து பேசியவர்கள் அல்லர். இதனையும் உடன் கூறாது விடின் எமது கூற்று அரைக் கூற்றாகும். நாவன்மையைப் பெரிதும் போற்றும் கல்லூரி மரபில் வளர்ந்தவர்களாகிய நாம், இப்பொருளைச் சற்று நின்று நோக்குதல் தகும்.

முதற்கண் அந்நகரின் நிலையை உணர்தல் வேண்டும். 1944 செப்டெம்பரில் இலண்டனிற் கையொப்பமான உடன்பாட்டின் வழியே, தோல்வியுற்ற ஜேர்மனியை வலயங்களாகப் பிரிப்பதென்றும், தலைநகராகிய பேர்லினைத் தனியே வேறு பிரித்துக் கூட்டாக ஆள்வதென்றும் நேச நாடுகள் முடிவு செய்தன. பின்னர்ப் பிரான்சும் சேர, நகரம் நான்கு கூறாயிற்று. ஆனால் அந்நகரமோ சோவியத் வலயத்தினுள்ளே ஏறத்தாழ 110 மைல் உள்ளமைந்து கிடந்தது. அங்கே போய் வருவதற்கான வழி யாது? 1945 நவெம்பரில் மூன்று ஆகாய வழிகள், ஒவ்வொன்றும் 20 மைல் அகலமுடையனவாக, எழுத்தில் வரையறுக்கப்பட்டன. தரைவழியைப் பற்றியோ, அமெரிக்கத் தளபதி லூசியஸ் கிளேயும் சோவியத் தளபதி ஷூக்கோவும் 1945 யூனில் வாய்மொழியாகப் பேசிக்கொண்டதன்றி, எழுதப்பட்ட உறுதி ஒன்றும் இல்லை. வளவை வாங்கியவர் ஒழுங்கைக்கு உறுதி முடிக்க மறந்தார் என்றால், அதன் பின்விளைவை நம் ஊரவர்க்கு நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

விளைவு 1948 யூன் 24 இல் வந்தது. மேற்கு வலயங்களிற் புதிய நாணயம் புகுத்தப்பட்டதைக் காரணங் காட்டிச் சோவியத் அரசு தரைவழியையும் நீர்வழியையும் அடைத்தது. இருபது இலட்சத்துக்கு மேற்பட்ட மக்கள் அகப்பட்டனர். படைத்துணையுடன் வண்டித்தொடர் ஒன்றை நெடுஞ்சாலை வழியே செலுத்திப் பார்ப்போம் என்றார் கிளே. ஜனாதிபதி ட்ரூமன் அதற்கும் இசைந்தாரல்லர்; நகரை விட்டு நீங்குவதற்கும் இசைந்தாரல்லர். எழுத்திலிருந்த அந்த ஆகாய வழியே உணவும் நிலக்கரியும் சென்றன. ஜேர்மானியர் அதனை விமானப் பாலம் என அழைத்தனர். 2,77,000 இற்கு மேற்பட்ட பறப்புகளில் ஏறத்தாழ 23 இலட்சம் தொன் பொருள் இறக்கப்பட்டது. அதில் மூன்றில் இரண்டு பங்கு நிலக்கரி. பட்டினியிலும் குளிரே அங்கு கொடிது என்பதை இக்கணக்கிலிருந்து நாம் அறியலாம்.

இவ்விமானங்களின் கதையை யாவரும் அறிவர். முற்றுகை நீங்கிய கதையை அறிந்தவர் சிலரே. 1949 ஜனவரி முடிவில் அமெரிக்கப் பத்திரிகையாளர் ஒருவர் எழுதியனுப்பிய வினாக்களுக்கு ஸ்டாலின் விடையளித்தார். முற்றுகையை நீக்குவதற்கு வேண்டிய நிபந்தனைகளைக் கூறியவர், எந்த நாணயத்தின் பொருட்டு முற்றுகை தொடங்கியதோ அந்த நாணயத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூறவில்லை. அமெரிக்க இராஜாங்கச் செயலாளர் டீன் அச்சிசன் அதனைக் கவனித்தார். கவனித்தும் பறை சாற்றினாரல்லர். ஐக்கிய நாடுகள் சபையில் அமெரிக்காவின் பொருட்டு இருந்த பிலிப் ஜெசப், பெப்ருவரி 15 இல், பிரதிநிதிகளின் ஓய்வறையிற் சோவியத் பிரதிநிதி யாக்கோப் மாலிக்கைத் தற்செயலாகக் காண்பார்போலக் கண்டு, நாணயம் விடுபட்டது தற்செயலோ என்று வினவினார். தமக்குத் தெரியாது, கேட்டுச் சொல்கிறேன் என்றார் மாலிக். சரியாக ஒரு மாதங் கழித்து, மார்ச் 15 இல் விடை வந்தது: அது தற்செயலன்று. மே 12 இல் முற்றுகை நீங்கிற்று. இருபத்து மூன்று இலட்சம் தொன்னும் இல்லாதிருந்தால் இந்த உரையாடல் நிகழ்ந்திராது என்பது மெய்யே. ஆயினும் எதிரியின் விடையில் இல்லாத சொல்லைக் கண்டெடுத்த அந்தக் கூர்மை, விமானிகளின் திறமைக்கு எவ்வாற்றானும் தாழ்ந்ததன்று.

ஐசனோவர் காலத்தை விரைந்து கடக்கலாம். 1958 நவெம்பர் 27 இல் சோவியத் பிரதமர் குருச்சேவ், ஆறு மாதத்துள் மேற்குப் பேர்லினைப் படைகளற்ற 'சுதந்திர நகராக' ஆக்க வேண்டுமென்று தவணை விதித்தார். முதிய போர்வீரராகிய ஐசனோவர் அத்தவணையை எதிர்த்து முழங்காமலும் ஏற்காமலும் ஜெனீவாவிற் பேச்சுவார்த்தையைத் தொடங்குவித்தார். தவணை முடியும் நாளாகிய 1959 மே 27 அன்று, பேச்சை நிறுத்திவைத்து வெளிநாட்டமைச்சர்கள் வாஷிங்டனில் இருந்தனர். அமெரிக்க இராஜாங்கச் செயலாளராயிருந்த டலஸின் நல்லடக்கத்துக்குச் சோவியத் அமைச்சர் குரோமிக்கோவும் வந்திருந்தார். உலகை நடுங்கவைத்த தவணை நாள் ஒரு மரணச் சடங்கில் அமைதியாகக் கழிந்தது. ஒத்திப்போடுதலும் ஒரு கலையே. அக்கலை 1960 மே மாதத்தில், உளவு விமானம் ஒன்று சோவியத் வானிற் சுட்டு வீழ்த்தப்பட்டுப் பாரிஸ் மாநாடு குலைந்தபோது பயன்படாது போயிற்று.

இனிக் கென்னடியின் காலத்துக்கு வருவோம். எமது கட்டுரையின் உயிர்நிலை இதுவே.

1961 யூன் 3 ஆம், 4 ஆம் நாள்களில் வியன்னாவில் இருவருஞ் சந்தித்தபோது குருச்சேவ் மீண்டும் ஆறு மாதத் தவணை கூறினார். யூலை 25 இரவு கென்னடி தம் நாட்டு மக்களுக்கு வானொலியிலும் தொலைக்காட்சியிலும் உரையாற்றினார். பாதுகாப்புச் செலவுக்கு மேலும் 324 கோடியே 70 இலட்சம் டொலர் வேண்டும் என்றார். தரைப்படையை 8,75,000 இலிருந்து ஏறத்தாழப் பத்து இலட்சமாகப் பெருக்க வேண்டும் என்றார். அணுக்குண்டின் நச்சுத்தூளுக்குத் தப்ப மறைவிடங்கள் அமைக்கவும் பணம் கேட்டார். கேட்டவர்க்கு அது போர்ப்பறையாகவே ஒலித்தது. ஆனால் அவ்வுரையை ஊன்றிப் படிப்பவர்க்கு வேறொன்று புலனாகும். அமெரிக்கா காப்பதாக உறுதி கூறியது எதனை? மேற்குப் பேர்லினிற் படை வைத்திருக்கும் உரிமையை; மேற்குப் பேர்லினுக்குச் சென்று வரும் உரிமையை; மேற்குப் பேர்லின் மக்களின் சுதந்திரத்தை. உடன்பாட்டின்படி நான்கு வல்லரசுகளுக்கும் உரிமை இருந்ததோ முழு நகரத்தில். 'மேற்கு' என்னும் அந்த ஓர் அடைமொழியால், நகரின் மறுபாதியிலே தாம் போர் தொடுக்கப் போவதில்லை என்பதைச் சொல்லாமலே சொன்னார் கென்னடி.

பாரதத்திற் கண்ணன் தூது சென்ற கதையை நம் மாணவர் அறிவர். பாதி நாடு, அன்றேல் ஐந்து ஊர், அதுவும் அன்றேல் ஐந்து மனை என்று கேள்வியைச் சுருக்கிச் சுருக்கி, போரைத் தவிர்க்கும் எல்லையைத் தேடினான் தூதன். கேட்பதைச் சுருக்குதல் அச்சத்தின் அடையாளமன்று என்பது அக்கதையைக் கேட்டு வளர்ந்தவர்க்குத் தெரியும். ஆனால் அங்கே சுருக்கப்பட்டது பாண்டவர் தமது பங்கு. பேர்லினிலே சுருக்கப்பட்டது பிறர் பங்கு. ஒப்புமை இவ்விடத்தில் முறிகிறது. முறியும் இடமே நாம் கவனிக்க வேண்டிய இடம்.

அவ்வேளையிற் கிழக்கு ஜேர்மனி குருதி வடிவதுபோல் மக்களை இழந்துகொண்டிருந்தது. 1949 தொடங்கி ஏறத்தாழ 27 இலட்சம் பேர் வெளியேறியிருந்தனர். 1961 யூலையில் மாத்திரம் முப்பதினாயிரத்துக்கு மேற்பட்டோர் நீங்கினர். அவருள் மருத்துவரும் ஆசிரியரும் பொறியியலாளரும் பலர். குருச்சேவ் ஏதேனுஞ் செய்தே ஆகவேண்டும், ஒருவேளை ஒரு மதிலையே எழுப்பக்கூடும், அதனைத் தம்மால் தடுக்க இயலாது என்று கென்னடி தம்மிடங் கூறியதாக அவருடைய ஆலோசகர் வால்ட் றொஸ்ரோ பின்னாளில் எழுதினார். யூலை 30 இல் செனட்டர் புல்பிரைட், கிழக்கு ஜேர்மானியர் தம் எல்லையை ஏன் மூடவில்லை என்பது தமக்கு விளங்கவில்லை எனத் தொலைக்காட்சியிலே வெளிப்படக் கூறினார். அதனை மறுக்கும் சொல் வெள்ளை மாளிகையிலிருந்து வரவில்லை.

ஓகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை. நள்ளிரவு கடந்ததும் முட்கம்பி விரிக்கப்பட்டது. ஓடிக்கொண்டிருந்த நகர் இரயில்கள் எல்லையில் நின்றன. ஒரு பக்கத்தில் உறங்கி மறுபக்கத்திலே தொழில் புரிந்த பல்லாயிரவர் விடிந்தபோது தொழிலிழந்தனர். பேர்ணவர் வீதியில் வீடுகள் கிழக்கிலும் அவற்றின் வாசலில் உள்ள நடைபாதை மேற்கிலும் இருந்தன. வாசல்கள் அடைக்கப்படவே, மக்கள் மேன்மாடிச் சாளரங்களினின்றுங் குதித்தனர். குதித்துச் சிலர் மாண்டனர். கென்னடி அன்று ஹயானிஸ் துறைமுகத்தில் உள்ள தம் இல்லத்தில் இருந்தார். மூன்று மேல்நாட்டு அரசுகளின் முறையான கண்டனம் மொஸ்கோவுக்குச் சென்றது ஓகஸ்ட் 17 இல். மேற்குப் பேர்லின் நகர முதல்வர் வில்லி பிராண்ட் 16 ஆந் திகதி கென்னடிக்கு எழுதிய மடல் கசப்பு மிக்கது. அதன் பின்னரே உதவி ஜனாதிபதி ஜோன்சனும், ஓய்வு பெற்றிருந்த தளபதி கிளேயும் 19 ஆந் திகதி அங்கு சென்றனர்; மறுநாள் 1,500 அமெரிக்கப் படையினர் நெடுஞ்சாலை வழியே வந்து சேர்ந்தனர்.

போரைக் காட்டிலும் மதில் எவ்வளவோ மேல் என்று கென்னடி தம் அணுக்கரிடங் கூறியதாக அவ்வணுக்கர் பிற்காலத்தில் எழுதியுள்ளார். இக்கருத்தை இகழ்வாரும் உளர், போற்றுவாரும் உளர். எமது தீர்ப்பு இது. யூலை 25 இல் விட்ட சொல்லும் ஓகஸ்ட் 13 முதல் 17 வரை நிலவிய மௌனமும் ஒன்றல்ல. முன்னையது ஆராய்ந்து செய்தது. அணுவாயுதம் தாங்கிய இரு வல்லரசுகள் ஒன்றன் எல்லையை மற்றது அறியாது நிற்பதினும் அறிந்து நிற்பது நன்று. அவ்வகையில் அது தக்கதே. பின்னையது ஆயத்தமின்மையால் விளைந்தது. கம்பி விரிக்கப்பட்ட அன்றே, நான்கு வல்லரசு உடன்பாடு மீறப்பட்டதென்று உரத்துக் கூறுவதாற் போர் மூண்டிராது. கூறாமையால் மூடப்பட்ட பாதியிலிருந்த மக்களும், மூடப்படாத பாதியிலிருந்தவர்களும், தம்மை உலகம் கைவிட்டதென்றே எண்ணினர். அறிந்து வாளாவிருப்பதும் அறியாது வாளாவிருப்பதும் ஏட்டில் ஒருபடித்தாய்த் தோன்றும். வரலாறு பயில்வோர் இரண்டையும் பிரித்தறிதல் வேண்டும்.

அம்மதில் மேற்குப் பேர்லினைச் சுற்றி 155 கிலோமீற்றர் நீண்டது. 28 ஆண்டுகள் நின்றது. அதனருகே உயிரிழந்தோர் 140 பேருக்குக் குறையாதவர். 1962 ஓகஸ்ட் 17 இல் 18 வயது இளைஞன் ஒருவன் சுடப்பட்டு, இருபுறத்தாரும் பார்த்திருக்க, ஏறத்தாழ ஒரு மணி நேரம் கிடந்து இறந்தான். 'போரைக் காட்டிலும் மதில் மேல்' என்ற கூற்றை நாம் ஒப்புகின்றோம். இக்கணக்கையும் அதன் அடியில் எழுதிக்கொண்டே ஒப்புகின்றோம்.

இவ்விடத்தில் எம் நாட்டையும் தொட்ட ஒரு செய்தி உண்டு. 1961 செப்டெம்பர் முதல் வாரத்திற் பெல்கிரேட் நகரில் அணிசேரா நாடுகள் 25 கூடின. இலங்கைப் பிரதமர் திருமதி சிறிமாவோ பண்டாரநாயக்கா அம்மாநாட்டிற் கலந்துகொண்டார். இரு வல்லரசுத் தலைவர்களும் நேரிற் பேச வேண்டுமென்னும் வேண்டுகோளை ஏந்தி நேருவும் நிக்குருமாவும் மொஸ்கோவுக்கும், சுகர்ணோவும் மாலி நாட்டின் மொடிபோ கெயிற்றாவும் வாஷிங்டனுக்கும் சென்றனர். மாநாடு தொடங்கிய நாளிலேயே சோவியத் நாடு அணுக்குண்டுச் சோதனையை மீண்டும் தொடங்கிற்று. அதனை அம்மாநாடு அழுத்தமாகக் கண்டிக்கவில்லை என்று கென்னடி வருந்தினார். அவர் வருத்தத்தில் நியாயம் உண்டு. தம்முடைய விடுபட்ட சொல்லை விவேகம் என்றும், சிறிய நாடுகளின் விடுபட்ட சொல்லைக் கோழைமை என்றும் கொள்வது வல்லரசுகளின் வழக்கம் என்பதையும் நாம் சொல்லாதிருத்தல் இயலாது.

ஒக்டோபரிற் குருச்சேவ் தம் தவணையைத் தாமே கைவிட்டார். ஆயினும் ஆபத்து வேறு வாயிலாகப் புகுந்தது. மேற்குப் பேர்லினிலிருந்த அமெரிக்க அரசாங்க அதிகாரி ஒருவர் தம் மனைவியுடன் கிழக்கே இசைநாடகம் பார்க்கச் சென்றபோது, கிழக்கு ஜேர்மன் காவலர் அடையாளச் சீட்டைக் காட்டும்படி கேட்டனர். கேட்க அவர்க்கு உரிமையில்லை என்பது அமெரிக்கர் வாதம். கென்னடியின் நேர்ப் பிரதிநிதியாய் மீண்டும் அங்கு வந்திருந்த கிளே தாங்கிகளை முன்னே நிறுத்தினார். சோவியத் தாங்கிகளும் வந்து எதிர் நின்றன. ஒக்டோபர் 27 மாலை தொடங்கி மறுநாட் காலை வரை, ஏறத்தாழ 16 மணி நேரம், ஒரு வீதியின் இரு முனையிலும் பீரங்கிகள் ஒன்றையொன்று நோக்கி நின்றன. ஒரு நாடகச் சீட்டிலிருந்து உலகப் போர் வந்திருக்குமானால் அதனினும் இழிந்த காரணம் வேறொன்றிராது! கென்னடி அப்போதும் உரையாற்றவில்லை. அவருடைய தம்பி றொபேட், வாஷிங்டனில் இருந்த போல்ஷாக்கோவ் என்னும் சோவியத் அதிகாரி வழியே சொல்லனுப்பினார். முதலிற் சோவியத் தாங்கி சில யார் பின்வாங்கியது. பின் அமெரிக்கத் தாங்கி. இவ்வாறு மாறி மாறி யாவும் அகன்றன. எவரும் வெற்றி முழக்கஞ் செய்யவில்லை. இரு தலைவர்களுக்குமிடையே செப்டெம்பர் இறுதியிலிருந்து மறைமுகமாக மடற்போக்குவரத்து நிகழ்ந்துகொண்டிருந்ததும் இதற்குத் துணை நின்றது.

இனி 1963 ஆம் ஆண்டின் புகழ்பெற்ற உரை. அதனை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. கைவிடப்பட்டோம் என்றிருந்த மக்களுக்கு அது ஆறுதலளித்தது. இரண்டு ஆண்டுக்கு முன் கூறியிருக்க வேண்டிய சொல்லின் வட்டியும் முதலும் அதில் இருந்தன. (கென்னடி கூறிய ஜேர்மன் வாக்கியம் தம்மை ஒரு பணியாரம் என்று பொருள்பட்டதாக ஒரு நகைச்சுவை உலவுகிறது. அது கட்டுக்கதை. அப்பணியாரத்துக்குப் பேர்லினில் வழங்கும் பெயரே வேறு. கேட்டிருந்தவர் எவரும் பிழையாக விளங்கிக்கொள்ளவில்லை.) ஆயினும் அவ்வுரையின் வேகத்தில், கம்யூனிஸ்டுகளுடன் கூடிச் செயலாற்றலாம் என்பாரைப் பேர்லினுக்கு வந்து பார்க்கச் சொன்னார் கென்னடி. பதினாறு நாள்களுக்கு முன், யூன் 10 இல், வாஷிங்டனிலே அமெரிக்கன் பல்கலைக்கழகத்திற் பேசியபோது அவ்வாறு கூடிச் செயலாற்றுதலையே அவர் வேண்டியிருந்தார். கூட்டத்தின் ஆரவாரம் ஒரு தேர்ந்த பேச்சாளரையும் தன் கருத்துக்கு அப்பால் இழுத்துச் செல்லும் என்பதற்கு இதனினும் நல்ல எடுத்துக்காட்டு இல்லை. அன்று பிற்பகலே சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் மென்மையாகப் பேசி நேர்செய்தார். மனப்பாடஞ் செய்வோர் அப்பிற்பகல் உரையை நாடுவதில்லை.

அதே ஆண்டு டிசெம்பர் 17 இல், ஜனாதிபதிகள் எவரும் இல்லாமலே, பிராண்டின் நகர அரசு கிழக்கு ஜேர்மன் அரசுடன் ஓர் உடன்பாடு செய்தது. நத்தார்க் காலத்தில் மேற்குப் பேர்லினர் கிழக்கிலுள்ள உறவினரைக் கண்டு வர அனுமதிச் சீட்டு வழங்கப்படும். ஒருவர் மற்றவர் அரசை ஏற்காத நிலையில், எந்த இடத்தை எப்பெயரால் அழைப்பது, எந்த அதிகாரிக்கு எந்தப் பட்டம் என்பதில் இணக்கம் ஏற்படவில்லை என்பதை உடன்பாட்டிலேயே எழுதிக் கையொப்பமிட்டனர். பெயரை விட்டனர், தாயும் மகனும் சந்தித்தனர். சில வாரங்களுள் பன்னிரண்டு இலட்சம் வருகைகள் நிகழ்ந்தன. 1971 செப்டெம்பர் 3 இல், நிக்சன் காலத்தில், நான்கு வல்லரசுகளுஞ் செய்த உடன்பாட்டின் முகவுரையும் இவ்வழியே சென்றது. முழுப் பேர்லினா, மேற்குப் பேர்லினா என்று பிணங்கிய இரு திறத்தாரும், 'சம்பந்தப்பட்ட பிரதேசம்' என்றெழுதி அமைந்தனர். சட்டம் பயின்ற நம் பழைய மாணவர் இதனைக் கண்டு முறுவலிப்பர். ஆனால் எழுத்தில் இல்லாத அந்தத் தரைவழிக்கு ஒரு பத்திரம் கிடைத்தது அன்றுதான்.

றீகனின் அறைகூவலை இராஜாங்கத் திணைக்களத்தார் உரையினின்றும் நீக்க முயன்றனர். அவர் நீக்க மறுத்தார். அது துணிவான செயல். ஆனால் 1989 நவெம்பர் 9 இரவு மதில் திறந்தது, கிழக்கு ஜேர்மன் தலைவர் ஒருவர் பத்திரிகையாளர் முன் தாளைப் புரட்டி, புதிய பயண விதி உடனடியாக நடைமுறைக்கு வருமென்று தவறுதலாகக் கூறியதாலும், அதனைக் கேட்ட மக்கள் வாயில்களில் திரண்டதாலுமே. அவ்வேளையில் ஜனாதிபதியாக இருந்த மூத்த புஷ் வெற்றிவிழாக் கொண்டாடாததைப் பலர் குறை கூறினர். பேர்லினுக்குச் சென்று மதில்மேல் நிற்க வேண்டுமென்றுகூட யோசனை கூறினர். அவர் செல்லவில்லை. கொர்பச்சேவை அவருடைய தளபதிகள் முன் தலைகுனிய வைக்க அவர் விரும்பவில்லை. கிழக்கு ஜேர்மனியில் அப்போது சோவியத் படையினர் இலட்சக்கணக்கில் இருந்தனர். அவர் வாய் திறவாதிருந்தது, எம் கருத்தின்படி, இவ்வரலாறு முழுவதிலும் மிகச் சிறந்த இராஜதந்திரம். அதனை எவரும் மனப்பாடஞ் செய்ய இயலாது. அங்கே சொல்லொன்றும் இல்லை.

1990 செப்டெம்பர் 12 இல் மொஸ்கோவில் இரு ஜேர்மனிகளும் நான்கு வல்லரசுகளும் உடன்படிக்கை செய்தன. ஒன்றுபட்ட ஜேர்மனியின் எல்லைகளைக் கூறும் அதன் முதலாம் பிரிவிலே, சமஷ்டிக் குடியரசு, ஜனநாயகக் குடியரசு ஆகியவற்றின் நிலப்பரப்புடன், முழுப் பேர்லினும் என்று எழுதப்பட்டுள்ளது.